கடலோரத்து வெள்ளை விடுதியும் நம்மவர் வரலாறும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மக்களில் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்குக்குப் புறப்பட்டுவிடுவது வழக்கம். தண்ணீர்மலையில் முருகனை வணங்குவார்கள்; கொடிமலைக்கு இரயிலேறுவார்கள்; பத்து பிரிங்கிக் கடலில் கால் நனைப்பார்கள்; நாசி கண்டார் உண்டு திரும்புவார்கள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் ஜோர்ஜ்டவுன் நகரின் வடகரையில், ஃபார்குவார் சாலையில், கடலை நோக்கி நீண்டு கிடக்கும் வெள்ளைக் கட்டடம் ஒன்றைப் பலரும் மகிழுந்திலிருந்தே பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம். ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் தங்கும் விடுதி என்பது அதன் பெயர். சுருக்கமாக ஈ அண்ட் ஓ என்பர்.

அது பணக்காரர்கள் தங்குமிடம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு உடன்பிறப்புகள்

இவ்விடுதியைத் தோற்றுவித்தவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். பாரசீக நாட்டின் இஸ்பஹான் நகரப் பகுதியிலிருந்து வந்த ஆர்மீனியர்கள். மார்ட்டின், டிக்ரான், அவியட், அர்ஷாக் என்னும் சார்க்கீஸ் உடன்பிறப்புகள் நால்வர். முதலில் ஈஸ்டர்ன் என்றொரு விடுதி. அடுத்து ஓரியண்டல் என்றொரு விடுதி. பின்னர் இரண்டும் ஒன்றிணைந்து ஒரே பெயராயின. விடுதி தன் தொடக்க ஆண்டாக 1885-ஐக் கொள்கிறது. இதே குடும்பத்தார் 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியையும், 1901-இல் இரங்கூனில் ஸ்டிராண்ட் விடுதியையும் தொடங்கினர். கடல்வழி சென்ற பயணிகளின் நாவில் சார்க்கீஸ் என்ற பெயர் நன்கு பழகிப் போயிற்று.

இத்தொழில் அந்நாளில் தழைத்ததற்குக் காரணம் உண்டு. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்கு வரும் பயணம் பெரிதும் சுருங்கியது. நீராவிக் கப்பல்கள் காலந்தவறாது வரத் தொடங்கின. இந்தியாவிலிருந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பல்களுக்குப் பினாங்கே வாசற்படி. கப்பலை விட்டு இறங்கும் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் வசதியான தங்குமிடம் தேவைப்பட்டது. அந்தத் தேவையைச் சார்க்கீஸ் குடும்பம் கண்டுகொண்டது.

உடன்பிறப்புகளில் பினாங்கு விடுதியோடு ஒன்றிப்போனவர் அர்ஷாக். விருந்தோம்பலில் பெருவிருப்பம் உடையவர். தலைமேல் மதுக்கோப்பையை நிறுத்தி வைத்துக்கொண்டே நடனமாடுவாராம். கைப்பணம் கரைந்து நின்ற துரைமார்களைக் கடனுக்கும் உபசரித்தார் என்பர். முதல் உலகப் போர் முடிந்தபின் விடுதியை மேலும் விரித்தார். 'வெற்றி' என்னும் பொருள்படும் பெயருடன் புதிய கிளைக்கட்டடம் 1923-இல் திறக்கப்பட்டது. தங்கள் விடுதியின் கடல்முகம் 842 அடி நீளமுடையது என்றும், உலகில் வேறெந்த விடுதிக்கும் இத்தகைய நீளம் இல்லை என்றும் விளம்பரம் செய்தனர். எழுத்தாளர்கள் ருட்யார்ட் கிப்ளிங், சோமர்செட் மாம், ஜெர்மானியர் ஹெர்மன் ஹெஸ்ஸே, திரைக்கலைஞர் சார்லி சாப்ளின் எனப் புகழ்பெற்றோர் பலர் இங்குத் தங்கியுள்ளனர்.

ஒரு குழந்தையின் வினா

அண்மையில் ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு ஓரிரவு அங்குத் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. முகப்பு மண்டபத்தின் குவிமாடத்திற்கு நேர்கீழே நின்று பேசினால் குரல் எதிரொலித்துத் திரும்புகிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. கடற்கரைப் புல்வெளியில் பழைய பீரங்கியொன்று கடலை நோக்கி நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், ஐந்தாம் ஆண்டு மாணவி, திடீரென்று கேட்டாள்:

“அப்பா, தாத்தாவோட தாத்தா இந்தியாவுலேர்ந்து கப்பல்ல வந்து பினாங்குலதான் இறங்கினாருன்னு சொன்னீங்களே, அவரும் இங்கதான் தங்கினாரா?”

என் மனைவி சிரித்துவிட்டார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, வரலாற்றுப் பாடத்தில் இதைவிட நல்ல வினாவை எந்த மாணவரும் கேட்டதாக நினைவில்லை. ஒரே ஊர், ஒரே துறைமுகம், ஒரே கடல். ஏறத்தாழ ஒரே காலம். ஆனால் இறங்கியவர்கள் சென்று சேர்ந்த இடங்கள் வேறு.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர்கள் மேல்தளப் பயணிகளாக வந்தனர். அவர்களுக்கு அறையில்லை, பாய் விரித்த இடமே படுக்கை. நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படும் ரஜுலா கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என ஓடியது. அதற்கு முன்னரும் எத்தனையோ கப்பல்கள். பினாங்கை அடைந்ததும் தொழிலாளர்கள் நேரே நகருக்குள் விடப்படுவதில்லை. பினாங்குத் தீவுக்குக் கிழக்கே உள்ள ஜெரெஜாக் தீவில், தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டனர். நோயில்லை என்று தெரிந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

ஆகவே மகளுக்கு நான் அளித்த விடை இதுதான்: “இல்லையம்மா, உன் முப்பாட்டனார் வேறொரு தீவில் தங்கினார். ஆனால் இங்கே தங்கிய துரைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அங்கே அவருடைய பெயர் வரும்.”

இந்த விடையைச் சற்று விரித்துரைப்பது என் கடமை.

ஒரே விலை, இரு வீழ்ச்சிகள்

இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த இரப்பர்க் கன்றுகள் வெறும் இருபத்திரண்டு. அவற்றின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் காடாய்ப் பரவின. மகிழுந்துத் தொழில் வளர வளர டயருக்கு இரப்பர் தேவைப்பட்டது. 1910-ஆம் ஆண்டளவில் இரப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதும் பெருகியது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது; கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்தது. விடியற்காலைப் பெரட்டில் நின்று, பால்வாளி சுமந்து, மரத்திற்கு மரம் நடந்து வெட்டியெடுத்த பால், துரைமார்களின் ஊதியமாயிற்று. இலண்டன் பங்குதாரர்களின் இலாபமாயிற்று. அதில் ஒரு பகுதி, விடுமுறை நாட்களில் பினாங்குக்கு வந்து இத்தகைய விடுதிகளின் நடன மண்டபங்களில் செலவாயிற்று.

பிறகு வந்தது 1929. அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. மகிழுந்து வாங்குவோர் குறைந்தனர். இரப்பரின் விலை பாதாளத்தில் வீழ்ந்தது. துரைமார்களில் பலர் வேலையிழந்தனர். விருந்து மண்டபங்கள் வெறிச்சோடின. விடுதியை விரிவாக்க வாங்கிய கடன் அர்ஷாக்கின் கழுத்தை நெரித்தது. 1931-இல் அவர் காலமானார். அதே ஆண்டில் சார்க்கீஸ் உடன்பிறப்புகளின் நிறுவனம் நொடித்துப் போயிற்று. விடுதி கைமாறித் தப்பிப் பிழைத்தது. குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை.

விடுதியின் வரலாற்றை எழுதுவோர் இவ்வீழ்ச்சியைத் தவறாது குறிப்பிடுவர். அதே விலைவீழ்ச்சி நம்மவரை என்ன செய்தது? 1928 வாக்கில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு எனக் கூலி வரையறுக்கப்பட்டிருந்தது. விலை வீழ்ந்ததும் அந்தக் கூலியே வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள், குழந்தை குட்டிகளோடு, மீண்டும் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்கே அனுப்பப்பட்டனர். ஊரில் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் உண்டு. உறவையெல்லாம் முறித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பியனுப்பியதற்கு அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. மரத்தில் பால் இருந்தது; சந்தையில் விலை இல்லை. அவ்வளவே.

ஆக, அர்ஷாக் சார்க்கீஸின் மாளிகையைச் சாய்த்ததும், பெயரறியாத ஒரு முனியம்மாவின் லயத்து அடுப்பை அணைத்ததும் ஒரே விலைதான். விடுதியின் உணவகம் ஒன்று சார்க்கீஸ் பெயரைத் தாங்குகிறது. முனியம்மாவின் பெயர் செக்ரோல் புத்தகத்தில் இருந்திருக்கும். அப்புத்தகங்களில் எத்தனை இன்று எஞ்சியுள்ளன?

டிசம்பர் 1941

பினாங்கின் வரலாற்றில் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி, இவ்விடுதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் நிகழ்ந்தது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். டிசம்பர் 11-ஆம் நாள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டு வீசினர். வானூர்திகளை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டிருந்த பொதுமக்கள் பெருந்தொகையில் மாண்டனர். அடுத்த சில நாள்களில் பிரிட்டிஷ் படையினரும் ஐரோப்பியக் குடிமக்களும் இரவோடிரவாகப் படகேறி வெளியேறினர். ஆசிய மக்களுக்கு அறிவிப்பில்லை, படகிலும் இடமில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவர்கள் ஒரே இரவில் காணாமற் போயினர்.

எஞ்சிய மக்களைக் காக்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராயிருந்த மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். கோட்டையில் அப்போதும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். வெள்ளைக் கொடி ஏற்றப்பட்டது. பின்னர் வானொலி நிலையத்திலிருந்து, ஆங்கிலேயர் வெளியேறிவிட்டனர், இனிக் குண்டு வீச வேண்டா என்று சப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19-ஆம் நாள் சப்பானியர் நகருக்குள் நுழைந்தனர். அந்த அறிவிப்பால் எத்தனை உயிர்கள் தப்பின என்பதை எண்ணிச் சொல்ல இயலாது. ஆனால் அவரையே பிற்பாடு சப்பானியர் சிறையில் அடைத்தனர் என்பதும் வரலாறே. போருக்குப் பின் அவர் இலங்கை அரசின் பேராளராக இவ்வட்டாரத்தில் பணியாற்றினார்.

சாப்ளின் தங்கியதை அறிந்த பிள்ளைகள், கொடியை இறக்கிய இந்தத் தமிழரையும் அறிந்திருக்க வேண்டாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு சிறப்புச் செய்தி

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு ஃபார்குவார் சாலை மேலும் நெருக்கமானது. இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் கொள்வது, 1816 அக்டோபர் 21-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பினாங்கு ஃப்ரீ பள்ளியில் நடத்தப்பட்ட தமிழ் வகுப்பு. 2016-இல் நாடெங்கும் இருநூறாண்டு விழா எடுத்தோம் அல்லவா? அந்தப் பள்ளி 1821-இல் குடிபெயர்ந்தது இதே ஃபார்குவார் சாலைக்குத்தான். 1928-இல் கிரீன் லேன் பகுதிக்கு மாறும்வரை அது இங்கேதான் இயங்கியது. பழைய பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதி போரில் அழிந்தது. எஞ்சிய பகுதியில் 1965-இல் மாநில அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அருகிலேயே 1818-இல் எழுப்பப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம். அதன் கட்டுமானத்தில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

விடுதிக்கும் பள்ளிக்கும் இடையே சில நிமிட நடைதான். விருந்தினர் வரலாறும் எழுத்தறிவு வரலாறும் உழைப்பின் வரலாறும் ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கின்றன. நான் அந்தச் சாலையில் நடந்தபோது என் பணியின் வேர்மீதே நடப்பதாக உணர்ந்தேன்.

பழையது எது, புதியது எது?

விடுதி இன்றைய நிலையை எளிதில் அடைந்துவிடவில்லை. போருக்குப் பின் கப்பற் பயணம் குறைந்து வானூர்தி பெருகியது. பத்து பிரிங்கியில் புதிய கடற்கரை விடுதிகள் எழுந்தன. பழைய விடுதி பொலிவிழந்தது. 1996-இல் மூடப்பட்டு, பெரும் சீரமைப்புக்குப் பின் 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1923-இல் எழுந்த கிளைக்கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று அதன் இடத்தில் நிற்பது, பழைய தோற்றத்தைப் பின்பற்றிப் புதிதாய்க் கட்டி 2013-இல் திறக்கப்பட்டது. பழைய பகுதியும் 2019-இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சீரமைக்காமல் விட்டிருந்தால் முழுவதும் மண்ணாகியிருக்கலாம். ஜோர்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியபோது பழைய கடைவீடுகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் பல வெளியேறின; கட்டடங்கள் பாழடைந்ததும் உண்டு. 2008 சூலையில் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. அதன்பின் சுவர்களுக்கு மதிப்புக் கூடியது. ஆனால் சுவரைக் காப்பது ஒன்று; சுவருக்குள் வாழ்ந்தவரின் நினைவைக் காப்பது வேறொன்று. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குக் கேட்பதற்கு ஒருவரும் சொல்வதற்கு ஒருவரும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் பங்கினை நிலைநாட்டும் ஆர்வத்தில், இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் தமிழரே, அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் நாமே என்று சான்றின்றிப் பேசுவது நமக்கு உதவாது. ஒரு பொய் வெளிப்பட்டால் அதனோடு பத்து உண்மைகளும் நம்பிக்கை இழக்கும். ஜெரெஜாக் முகாமுக்குச் சான்றுண்டு. கூலி வெட்டுக்குச் சான்றுண்டு. சரவணமுத்துவின் செயலுக்குச் சான்றுண்டு. இருப்பதைச் செம்மையாகச் சொன்னாலே போதும்.

என்ன செய்யலாம்?

தொடக்கப்பள்ளியில் 2014 முதல் வரலாறு தனிப்பாடமாக வந்தது. அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்வதோடு அது நின்றுவிடக் கூடாது. பெற்றோர்களே, விடுதியில் தங்க வேண்டும் என்பதில்லை. அந்தச் சாலையில் ஒரு காலைப்பொழுது நடந்தாலே போதும். பிள்ளைகளிடம் மூன்று வினாக்களைக் கொடுங்கள். இந்த இடத்திற்கு யார் வந்தார்கள்? அவர்கள் செலவழித்த பணம் எங்கிருந்து வந்தது? இங்கே உழைத்தவர்களில் யாருடைய பெயரை நாம் அறிவோம்? விடைகளைப் பிள்ளைகளே தேடட்டும். பிறகு சூலியா தெருவுக்குச் சென்று, 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், குயின் தெருவில் 1833-இல் தோன்றிய மகாமாரியம்மன் ஆலயத்தையும் காட்டுங்கள். தோட்டங்களுக்கு முன்பே இங்கு வணிகராகவும் வந்தவர்கள் நம்மவர் என்பதை அவை சொல்லும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் ஒரு சிறு திட்டப்பணி செய்து பாருங்கள். வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய கடப்பிதழ், கப்பல் பயணச்சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பின்னால் ஊர்ப்பெயர் எழுதிய நிழற்படம், எதுவாயினும் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் படியெடுத்துக் கொண்டு வரட்டும். ஒன்றும் இல்லாதவர் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஐந்து வினாக்கள் கேட்டு விடை எழுதி வரட்டும். எங்கள் பள்ளியில் இதைத் தொடங்கியுள்ளோம். கப்பலில் வந்தவர்களை நேரில் கண்டவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டனர். அடுத்த விடுமுறை வரையில் தள்ளிப்போடாமல், இந்த வாரமே கேட்கத் தொடங்குவது நன்று.